வெள்ளவத்தையில் 10 மணி, திரையில் 4.30

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும். லினக்ஸை மூடி விண்டோஸைத் திறக்கிறீர்கள். வெளியே காலி வீதியில் காலை 10.00 மணி வெயில்; திரையிலோ 4.30. பற்றரி செத்துவிட்டதா? இல்லை.

தாய்ப்பலகையில் ஒரு கடிகாரம் உண்டு. கணினி அணைந்த பிறகும் சின்னப் பற்றரியில் ஓடும். எந்த ஊர் நேரம் என்பது அதற்குத் தெரியாது, வெறும் எண்கள்தான். லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைத்து, காட்டும்போது ஐந்தரை மணித்தியாலம் கூட்டும். டாஸ் காலப் பழக்கத்தை விடாத விண்டோஸ், அதே எண்ணை உள்ளூர் நேரமாகவே வாசிக்கும். (2006 ஏப்ரலுக்கு முன், இலங்கை நேரம் 6 மணித்தியாலம் முன்னே இருந்தபோது, வித்தியாசமும் முழுதாக ஆறு.)

லினக்ஸை உள்ளூர் நேரம் எழுதச் சொன்னாலும் சண்டை தீரும். நானென்றால் விண்டோஸைத்தான் திருத்துவேன்.