வராகனும் ரூபாயும்: நாணயப் பெயர்களின் பொருளும் மாற்று வீதமும்

1. முன்னுரை

பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர் எளியவை எனக் கருதிக் கடந்துவிடும் சொற்களுள் நாணயப் பெயர்கள் முதன்மையானவை. நாணயப் பெயர் ஓர் உலோகத் துண்டைச் சுட்டுவதோடு, பிற நாணயங்களோடு அதற்கிருந்த மதிப்புறவையும் உட்கொண்டது. அவ்வுறவு இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப மாறுவது. சென்னை மாகாணத்தில் வழங்கிய வராகன், ரூபாய் ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு, மாற்று வீதம் சொற்பொருளின் ஒரு கூறாக அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. இரு உலோகங்கள், இரு மரபுகள்

வராகன் பொன் நாணயம். விசயநகர ஆட்சி வழியே தென்னகத்தில் நிலைபெற்றது. பன்றி உருவப் பொறிப்பால் பெற்ற பெயர், அவ்வுருவம் இல்லாத நாணயங்களுக்கும் பின்னர் வழங்கியது. ஆங்கில ஆவணங்கள் இதனைப் ‘பகோடா’ என்று குறிக்கின்றன. ரூபாய் வெள்ளி நாணயம்; பதினாறாம் நூற்றாண்டில் சேர்சா காலத்தில் உருப்பெற்று, முகலாயர் ஆட்சியில் பரவியது.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் வெளியிட்ட நட்சத்திர வராகன் ஏறத்தாழ 3.4 கிராம் எடையுடையது. அதில் தூய பொன் ஏறத்தாழ 2.72 கிராம். கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகன் 3360 காசு. இது கணக்கு வீதம் மட்டுமே. கடைத்தெருவில் பொன், வெள்ளி ஆகியவற்றின் வரத்திற்கும் தேவைக்கும் ஏற்ப வீதம் ஏறியிறங்கியது. நாணயம் மாற்றுவோர் தேய்மானத்திற்கும் மாற்றுக் குறைவிற்கும் ‘வட்டம்’ கழித்தனர். ‘ரூபாய்’ என்பதும் ஒரே நாணயமாக இருக்கவில்லை. ஆர்க்காட்டு ரூபாய் முதலிய பலவும் ஒருங்கே வழங்கின.

3. மூன்றரை ரூபாய்

1818இல் கம்பெனி அரசு வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக்கியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று வீதம் வகுக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 12 பணம் என்னும் கணக்கோடு இது பொருந்துகிறது. 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை கிடைக்கும்.

இவ்வீதத்தை உலோக மதிப்பால் சோதித்துப் பார்க்கலாம். புதிய ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 10.69 கிராம், தூய வெள்ளி. மூன்றரை ரூபாயில் 37.4 கிராம் வெள்ளி உண்டு. ஆகவே ஒரு பங்கு பொன்னுக்கு ஏறத்தாழ 13¾ பங்கு வெள்ளி என்றாகிறது. ஆனால் ரூபாயோடு ஒத்த எடையும் தரமும் உடையதாக அப்போது வகுக்கப்பட்ட பொன் ரூபாய்க்கு 15 வெள்ளி ரூபாய் மதிப்புக் குறிக்கப்பட்டது. அவ்விகிதப்படி வராகனின் பொன் 3.8 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையது. எனவே ‘மூன்றரை’ என்பது பொன்னின் மதிப்பை அளந்து கண்டதாகத் தோன்றவில்லை. பழைய கணக்கைப் புதிய கணக்கிற்கு மாற்றும் பொருட்டு அரசு வகுத்த எண் எனக் கொள்வதே பொருந்தும். 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை நிறுவியதும், வராகன் பழைய கணக்கேடுகளில் எஞ்சும் பெயராயிற்று.

4. ஒரு சொல், பல மதிப்பு

‘பணம்’ என்னும் சொல் மேலும் நுட்பமானது. சென்னைக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 12 பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் ஒரு ரூபாய்க்கு 8 பணம். தமிழ் வழங்கிய நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம்; 4 சக்கரம் ஒரு பணம்; 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆகவே சென்னைப் பணத்தில் 80 காசும் திருவிதாங்கூர்ப் பணத்தில் 64 காசும் அடங்கின. தமிழ் எழுத்தில் வேறுபாடற்ற ஒரே சொல், மூன்று ஆட்சிப் பகுதிகளில் மூன்று மதிப்புகளைக் குறித்தது.

நாணயங்கள் மறைந்தபின் பணமும் காசும் செல்வத்தைக் குறிக்கும் பொதுச் சொற்களாக விரிவடைந்தன. வராகன் அவ்வாறு விரியவில்லை. வராகனெடை, பணவெடை எனச் சித்த மருத்துவ நூல்களில் நிறைப்பெயராக நிலைத்தது.

5. மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள்

முதலாவது, ஒலியொப்புமையால் வருவது. ஆங்கில ஆவணத்தில் வரும் ‘கேஷ்’ என்னும் நாணயப் பெயர் தமிழ்க் ‘காசு’ போர்த்துக்கீசியத்தின் வழியே சென்று திரிந்த வடிவம். ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு வேரினது. ‘20 கேஷ்’ என்பதனை ‘20 காசு’ என்றே பெயர்க்க வேண்டும்.

இரண்டாவது, பொருள் விரிவால் வருவது. ‘ஐந்து பணம் கொடுத்தான்’ என்னும் பழைய தொடரில் பணம் எண்ணத்தக்க நாணயம். அதனைப் பொதுச்சொல்லாகக் கொண்டால் தொகையே மறைந்துவிடும்.

மூன்றாவது, மாற்றிக் கூறுவதால் வருவது. ஒரு சிற்றூரின் தீர்வை 1810இல் 100 வராகன், 1820இல் 350 ரூபாய் எனக் கொள்வோம். அரசுக் கணக்கில் தீர்வை உயரவில்லை. இரண்டிற்கும் ‘ரூபாய்’ என்றே எழுதிவிட்டால் பத்தாண்டில் மூன்றரை மடங்கு உயர்ந்ததாகப் படிப்போர் மயங்குவர். அம்மயக்கம் வரலாற்றாசிரியரின் முடிவையும் திரித்துவிடும். இதற்கு மறுதலையாக, 1740களில் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புப் பகுதிகளில் வரும் வராகனை 1818ஆம் ஆண்டு வீதத்தால் ரூபாயாக்குவதும் தவறே. அது வேறு காலத்தது. வேறு ஆட்சிப் பகுதியைச் சார்ந்தது.

6. முடிவுரை

நாணயப் பெயரை மூலத்திலுள்ளவாறே நிறுத்தி, அந்த இடத்திற்கும் ஆண்டிற்கும் உரிய உள்வகுப்பையும் மாற்று வீதத்தையும் குறிப்பில் தருவதே தக்க முறை. அவ்வீதம் அரசுக் கணக்கு வீதமா, கடைத்தெரு வீதமா என்பதையும் சுட்டுதல் வேண்டும். வரலாற்றகராதி தொகுப்போரும் ‘பணம்: ஒரு பழைய நாணயம்’ என்பதோடு அமையாமல், இடம், காலம், மதிப்பு ஆகிய மூன்றையும் பதிவுக்குள் கொணர்தல் நன்று.