பத்துக்கு ஒன்று குறைவு

பினாங்கு லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட் மளிகைக் கடையில் விலை கேட்டால் ஆளைப் பார்த்துத்தான் பதில் வரும். தமிழருக்கு 'ஒன்பது வெள்ளி'. மலாய்க்காரருக்கு 'செம்பிலான் ரிங்கிட்'. மொழிக் குடும்பமே வேறு. ஆனாலும் இரண்டு சொல்லுக்குள்ளும் ஒரே கழித்தல் கணக்கு.

மலாயில் 'அம்பில்' என்றால் எடுத்தல். பத்திலிருந்து ஒன்றை எடுத்தது செம்பிலான். இரண்டை எடுத்தது 'டெலாப்பான்', அதாவது எட்டு. மலேசியாவில் அது 'லாப்பான்' ஆகிவிட்டதால் அந்த 'இரண்டு' உதிர்ந்து, 'எடுத்தது' மட்டும் மிஞ்சியிருக்கிறது. எத்தனை எடுத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. சில்லறை சரியாகத்தான் வருகிறது.

தமிழில் சிக்கல் கூடுதல். எட்டு ஒழுங்காக எண்பது, எண்ணூறு என வளர்கிறது. ஒன்பதோ ஒரு படி தாவிவிடுகிறது: தொண்ணூறு நூறில்லை, தொள்ளாயிரம் ஆயிரமில்லை. தொல்காப்பியர் இவற்றுக்குத் தனி விதியே வகுக்க வேண்டியிருந்தது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பழம்பெயரும் உண்டு. பரிபாடலில் அது வருகிறது. தெலுங்கின் 'தொம்மிதி'யில் அந்தத் 'தொ' இன்னும் ஒலிக்கிறது. 'ஒன்று குறைந்த பத்து' என்ற பொருளில் பிறந்த ஒன்பது, தொண்டைத் துரத்திவிட்டு இடம் பிடித்திருக்க வேண்டும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ரோமானியரும் கழித்தார்கள், ஆனால் இருபதுக்கு அருகில். லத்தீனில் பதினெட்டுக்கு 'இருபதிலிருந்து இரண்டு', பத்தொன்பதுக்கு 'இருபதிலிருந்து ஒன்று' என்று பொருள்படும் 'துவோதேவிகிந்தி', 'ஊந்தேவிகிந்தி' என்ற சொற்கள். பிள்ளை மொழிகளான இத்தாலியமும் பிரெஞ்சும் அதைக் கைவிட்டு, பத்தையும் எட்டையும் கூட்டிக்கொண்டன.

லத்தீன் 'துவோ', மலாய் 'டுவா' இரண்டும் இரண்டே. உடனே உறவு கொண்டாடிவிடக் கூடாது. அது வெறும் ஒலி ஒற்றுமை. உண்மையான கடன் பெரிய எண்களில்தான். இந்தியாவிலிருந்து கப்பலேறிய லட்சம், மலாயில் 'லக்சா'வாகி 10,000 ஆனது. கோடி 'கெத்தி'யாகி 1,00,000 ஆனது. கடல் தாண்டியதற்குச் சுங்கம் போலும்! இரண்டும் இன்று வழக்கில் இல்லை. பினாங்கின் அயர் ஈத்தாமில் புளிக்கப் புளிக்கக் குடிக்கும் அசாம் லக்சா நூடுல்ஸ் சூப்புக்கும் அந்த லட்சத்துக்கும் சொந்தம் உண்டு என்பார் சிலர். நூடுல்ஸைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே மூலம் என்று மறுதரப்பு இன்னும் மல்லுக்கு நிற்கிறது.