பிள்ளையின் பாடசாலையை அளந்து பார்ப்போமா?

சகோதரிகளே! ஒரே அளவு அரிசி, ஒரே அளவு தேங்காய். ஒரு வீட்டில் ஆறு பேர் வயிறார உண்கிறார்கள். அடுத்த வீட்டில் நால்வருக்கே போதவில்லை. ஏன் என்று கேட்போம் அல்லவா? அதே கேள்வியை நம் பிள்ளைகள் படிக்கும் அரசாங்கப் பாடசாலை குறித்துக் கேட்டதுண்டா?

இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980இல் பாடநூலும் 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின. இவை வானத்திலிருந்து விழுவன அல்ல. நாம் கொடுக்கும் வரிப்பணம்.

தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். எட்டியாந்தோட்டை, தெரணியகல, பலாங்கொடை, இறக்குவானை மலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு பாடசாலையை நகரத்து 1ஏபி பாடசாலையோடு ஒப்பிட்டுப் பழிப்பது நியாயமாகாது. 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூன்று அறிஞர்கள் ஒரு கணக்கு முறையை வகுத்தார்கள். ஏறக்குறைய அதே வசதியுள்ளவற்றில் சிறந்ததோடு மட்டுமே ஒன்றை ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

கணக்கு நமக்கு வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: 6ஆம் தரத்தில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர் எத்தனை பேர்? பலவீனமான பிள்ளைகள் இடையில் நின்றுவிட்டால் சித்தி வீதம் தானாக உயரும். அது திறமை அல்ல. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் சட்டம்.

இரண்டு: கணிதமும் விஞ்ஞானமும் நேரசூசியில் இருக்கின்றன, வகுப்பில் நடக்கின்றனவா? கல்விச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளமே. ஆதலால் வெறுமையாகப் போகும் ஒரு பாடவேளைதான் மிகப்பெரிய வீண்விரயம்.

மூன்று: நூலகமும் ஆய்வுகூடமும் திறந்திருக்கின்றனவா, பூட்டியே கிடக்கின்றனவா?

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் குறைவு, செலவு அதிகம் என்று சிறு பாடசாலையை மூடினால் ஏட்டில் பணம் மிஞ்சும். ஆனால் மலைப்பாதையில் பல மைல் தனியே நடக்க வேண்டிய பெண் பிள்ளையின் படிப்பு அன்றோடு நின்றுபோகும். அந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கும் இடமுண்டு. கூட்டத்துக்கு வாப்பாமார் மட்டும் போனால் போதாது, உம்மாமாரும் போங்கள். அதிபரிடம் இம்மூன்றையும் பணிவாகக் கேளுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோர் பலர் ஒப்பமிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்கத் தெரிந்த தாய்மார் உள்ள ஊரில் பாடவேளைகள் எளிதில் வீணாவதில்லை.