முதுமையின் மேல் பழி போடலாமா?

“வயசாயிடுச்சுங்க, கண்ணு மங்கத்தானே செய்யும்!” சேலம், நாமக்கல் சமவெளியில் எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. சொல்கிறவர் கண் மங்கியவர். ஆமாம் என்று தலையாட்டுகிறவர் அவர் பெற்ற மகன். தலை நரைப்பதைப்போல், பல் விழுவதைப்போல், பார்வை போவதும் முதுமை கொண்டுவரும் சீதனம் என்று இருவருமே நம்புகிறார்கள். தலையெழுத்து என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எழுதியவன் யார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை!

தலையெழுத்து அல்ல, நோய் என்கிறோம் நாம். நோய் என்றால் அதற்குப் பெயருண்டு, காரணமுண்டு, பெரும்பாலும் மருந்தும் உண்டு.

2015 முதல் 2019 வரை இந்திய அரசு நடத்திய பார்வையின்மைக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஐம்பது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் பார்வையற்றவர்கள். அந்தப் பார்வையின்மையில் நூற்றுக்கு 66 பங்கு கண்புரையால் வந்தது. அதாவது, பார்வை இழந்த முதியவர் மூவரில் இருவர், ஓர் அறுவை சிகிச்சை செய்தால் மீண்டும் பேரன் முகம் பார்க்கக்கூடியவர்கள். அவர்கள் இருட்டில் இருப்பது முதுமையாலா, நம் அலட்சியத்தாலா?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. ஐம்பதைக் கடந்தவர்களில் எழுத்தறிவில்லாதோரிடையே பார்வையின்மை நூற்றுக்கு 3.23, பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தோரிடையே 0.43. ஏழு மடங்குக்கும் மேல்! எழுத்தறிவில்லாதவர்களில் மிக முதியோர் அதிகம், அதனால் கணக்கு கூடுகிறது என்று சிலர் சொல்லக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏழு மடங்கையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. முதுமை படித்தவன் வீட்டுக்கும் வருகிறது, பாமரன் வீட்டுக்கும் வருகிறது. மருத்துவம்தான் ஒரு வீட்டுக்கு வந்து, மறு வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை தெளிந்த நீர்போல் இருக்க வேண்டியது. வயதாக ஆக அது கலங்கி, பால் படிந்த கண்ணாடிபோல் ஆவதே புரை. முன்பெல்லாம் “புரை நன்றாகப் பழுக்கட்டும்” என்று காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காலச் சிகிச்சை முறைக்கு அது தேவைப்பட்டது. வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, சோடாப் புட்டியின் அடிபோன்ற கண்ணாடியை மாட்டி அனுப்பிய காலம் அது. இன்று கலங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லையை உள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அரை மணி நேரம்கூட ஆவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த வில்லை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் இங்கேயே அதைச் செய்து, விலையைப் பல மடங்கு கீழே இறக்கியது. சிகிச்சை மாறிவிட்டது. “பழுக்கட்டும்” என்ற பேச்சு மட்டும் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. மாம்பழமா அது, பழுப்பதற்கு!

நம் பகுதி தறியின் பகுதி. சேலத்து வெண்பட்டும் இளம்பிள்ளைச் சேலையும் பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியும் கண்ணை நம்பியே நடக்கின்றன. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிவது யார்? கண்தான். தறியிலிருந்து இறங்கிய பின்னும் ராட்டையருகே உட்கார்ந்து தார் சுற்றித் தந்து, தன் கஞ்சிக்குத் தானே வழி தேடுகிற ஆத்தா எத்தனை பேர்! பார்வை போனால் அந்த வேலையும் போகிறது, அதோடு வீட்டில் இருந்த மதிப்பும் போகிறது. சிகிச்சைக்கு அழைத்துப்போக மகன் ஒருநாள் தறியை நிறுத்த வேண்டும். மறுபடி மருந்து போடக் காட்ட இன்னொரு நாள். இலவசச் சிகிச்சை என்கிறோம். கூலி போன நாளுக்கு விலை யார் தருவது? “இனிப் பார்த்து என்ன ஆகப்போகுது” என்று ஆத்தா சொல்வது விரக்தி மட்டுமல்ல. பிள்ளையின் கூலியைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யும்கூட.

அச்சமும் ஒரு காரணம். 2016-ஆம் ஆண்டு மேட்டூர் அரசு மருத்துவமனையில் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கிருமித் தொற்றால் பார்வை பாதிக்கப்பட்டார்கள். இழப்பீடு அறிவிக்கப்பட்டது. ஒளி தேடிப் போனவர்கள் இருளோடு திரும்பிய கொடுமையை எந்தத் தொகை ஈடு செய்யும்? அந்தச் செய்தியைக் கேட்ட முதியவர் ஆஸ்பத்திரி என்றதும் பின்வாங்கினால், அவரை அறியாதவர் என்று ஏசுவது நியாயமல்ல. இத்தகைய விபத்து அரிது என்பது உண்மை. அரிதாகவே இருக்கச் செய்வதும், கருவியும் மருந்தும் அறையும் தூய்மையாக இருப்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதும் ஆட்சியின் கடமை.

புரைக்காவது திரும்பும் வழி உண்டு. கண் நீர் அழுத்த நோய்க்கு அதுவும் இல்லை. பெரும்பாலும் வலியில்லாமல், சிவப்பில்லாமல், ஓரப் பார்வையைத் திருடிக்கொண்டே வரும் கள்ளன் அது. போன பார்வை போனதுதான். இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும். தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதன் பொதுவான வகையால் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 93 பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது! சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்பதும் இப்படித்தான், ஓசையில்லாமல். தெரியாத நோய்க்கு எவன் மருத்துவமனை தேடி வருவான்? மருத்துவம்தான் தேடிப் போக வேண்டும்.

தேடிப் போவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1819-இலேயே சென்னையில் கண் மருத்துவமனை கண்ட நாடு இது. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி, அவர்தான் 1976-இல் மதுரையில் பதினோரு படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. மாத்திரை வீட்டுப்படி ஏறிய வழியில் கண் பரிசோதனை ஏற முடியாதா?

ஆட்சியாளர்களிடம் நாம் கேட்பது இதுதான். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஐம்பதைக் கடந்த ஒவ்வொருவரின் கண்ணும் ஆண்டுக்கொரு முறை அவரவர் ஊரிலேயே பார்க்கப்பட வேண்டும். சர்க்கரை உள்ளவரின் விழித்திரையும், எல்லோரின் கண் அழுத்தமும் அதில் சேர வேண்டும். சிகிச்சைக்கு வண்டி வாசலுக்கு வர வேண்டும். துணைக்கு வருபவருக்கு ஒருநாள் கூலி தரப்பட வேண்டும். நம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிளைக்குக் கிளை, தெருவில் கண் மங்கி உட்கார்ந்திருப்பவர்களின் பட்டியல் எடுங்கள். அழைத்துப்போக ஆளில்லாதவர் பெயரை முதலில் எழுதுங்கள்.