மூன்று அணாவும் ஒரு நோட்டுப் புத்தகமும்

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாள் காலைக்குள் நகரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அத்துடன் தீர்ந்ததா? சாத்தனூர் அணையைத் திறந்துவிடவே தென்பெண்ணை பெருக்கெடுத்தது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் வீடு புகுந்தது.

உபாத்தியாயர்களாகிய நாம் சிலர் சேர்ந்து, அரிசியும் போர்வையும் வாங்கிக் கொடுக்கப் பணம் திரட்டினோம். மூன்றாம் நாள் நமக்குள்ளேயே ஒரு சச்சரவு மூண்டது. பங்கிடச் சென்றவர்கள் குடித்த தேநீரையும் தின்ற வடையையும் நிதிக் கணக்கில் எழுதச் சொன்னோம். கணக்கு எழுதிய ஆசிரியை மறுத்துவிட்டார். அவர் வில்லியனூர் மாதா கோயிலுக்குத் தவறாது செல்லும் கத்தோலிக்கப் பெண்மணி.

"இது வீடு இழந்தவர்கள் பணம், ஐயா. நாம் குடித்ததற்கு நாமே கொடுத்துவிடலாம்" என்றார்.

"நாளெல்லாம் தண்ணீரில் நின்றவனுக்கு ஒரு தேநீர்கூடக் கிடையாதா? உங்கள் வேதத்தில் அதுவும் பாவமோ?" என்று நம்மில் ஒருவர் சீறினார்.

"பாவமா என்று எனக்குத் தெரியாது. ராத்திரி ஜெபம் சொல்லும்போது இந்த நோட்டு நினைவுக்கு வரும், அவ்வளவுதான்" என்றார் அம்மையார்.

அப்போது நம் நினைவுக்கு வந்தவர் காலஞ்சென்ற ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலை நடத்தியவர். அமெரிக்காவில் பொருளாதாரம் கற்றுத் திரும்பியவர். 1929-இல் சபர்மதியில் மகாத்மாவைச் சந்தித்தபின் மேனாட்டு உடையைத் துறந்து கதர் உடுத்தினார். கிறிஸ்து நாதரை மட்டும் துறக்கவில்லை. அவருடைய கதருக்கும் கணக்குக்கும் அந்த விசுவாசமே வேராயிருந்தது.

1934 ஜனவரி 15-இல் பீஹாரைப் பூகம்பம் உலுக்கியது. பாபு ராஜேந்திர பிரசாத்தின் நிவாரண நிதிக்குப் பல லட்சம் ரூபாய் வந்து குவிந்தது. அந்தப் பணத்துக்குக் காவலாகக் குமரப்பா அமர்ந்தார். தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று விதித்தார். பிறகு காந்தியடிகளே தம் பரிவாரத்துடன் பாட்னாவுக்கு வந்தார். பாலும் பழமும் மூன்று அணாவுக்குள் அடங்குமா? அந்தச் செலவையும் மோட்டார் எண்ணெய்ச் செலவையும் நிதியிலிருந்து கொடுப்பதற்கில்லை என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா கூறிவிட்டார். மகாத்மாவுக்கே இந்த விதி என்றால், நம் வடைக்கு ஏது சலுகை!

இது வெறும் கருமித்தனம் என்று நேயர்கள் எண்ணலாகாது. நிவாரணப் பணத்தைச் செலவிடும் இடத்தில் அதைக் கொடுத்தவன் இருப்பதில்லை. பெற வேண்டியவனும் இருப்பதில்லை. இருவரும் இல்லாத இடத்தில் இருவருக்காகவும் ஒருவர் பேச வேண்டும். ஏழைக்குச் செய்வது இறைவனுக்கே செய்வது என்று நம்புகிறவருக்கு, அந்த ஏழை எப்போதும் எதிரே அமர்ந்திருக்கிறான்.

கணக்கு நோட்டோடு நிற்கும் பக்தியாகவும் அது இருக்கவில்லை. 1930-இல் சத்தியாக்கிரகிகள் மீது தடியடி விழுந்தபோது, அன்பைப் போதிக்கும் பாதிரிமார் வாய் மூடியிருக்கலாமா என்று அவர்களுக்கே எழுதிக் கேட்டார். பிற்காலத்தில் ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். நிலைத்திருக்கக்கூடிய பொருளாதாரத்தைப் பற்றி மற்றொன்றும் எழுதினார். இரண்டும் ஒரே சிறையில், ஒரே மனத்தில் பிறந்தவை. ஜெபத்துக்கு ஒரு நாள், சந்தைக்கு ஒரு நாள் என்று அவர் வாழ்வைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் கண் மூடினார்.

இந்த நேர்மை ஒரு மதத்துக்கே உரியதென்று நாம் சொல்லவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் நம் பாகூரின் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தவர்கள், அதைச் செப்பேட்டில் பொறித்து வைத்தார்கள். பொதுச் சொத்து நாலு பேர் படிக்கும்படி எழுதப்பட வேண்டும் என்பது இம்மண்ணிலும் பழைய வழக்கமே. எழுதும் கை நடுங்காமல் இருப்பதற்கு அவரவர் தெய்வம் துணை நிற்கிறது.

தேநீருக்கும் வடைக்கும் நாமே பணம் போட்டோம். கணக்கு முழுவதையும் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். இரண்டு நாள் கழித்து ஒரு முதியவர் வந்து, அதை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என் பேரில் ஒரு போர்வை எழுதியிருக்கிறதே, எனக்கு வரவில்லையே, ஐயா!" என்றார்.

விசாரித்தோம். தவறு நம்முடையதுதான். வேறொரு வீட்டில் கொடுத்துவிட்டு, அவர் பெயருக்கு நேராகக் குறியிட்டிருந்தோம். அன்று மாலையே அம்மையார் ஒரு போர்வையுடன் அவர் வீட்டுக்குச் சென்றார். சுவரில் ஒட்டாதிருந்தால், அந்தக் கிழவர் குளிரில் படுத்திருப்பார். நாமும் நல்லது செய்த திருப்தியுடன் தூங்கியிருப்போம்.