மாலைப் பக்கோடாவும் திராட்சைத் தொக்கும்

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குச் செல்லும் சாலையில் சுருளிப்பட்டியைக் கடப்போர், பந்தல் பந்தலாகப் படர்ந்து கிடக்கும் திராட்சைத் தோட்டங்களைக் காண்பர். இப்பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நம் அங்கத்தினர் அறிவர். அவ்வூர்த் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்த நாளில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. குலைகளைக் கத்தரித்துப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்கு ஆகாத உதிர் பழம் ஒரு சாக்கின்மேல் குவிந்திருந்தது. கொட்டகையின் மூலையில், வியாபாரி கழித்துப் போட்ட சின்ன வெங்காயம் அரை மூட்டை கிடந்தது.

மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு கடைவீதியிலிருந்து பக்கோடாப் பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்தபோது காகிதம் எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. தோட்டக்காரரின் தாயார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெங்காயமும் நம்ம கிட்ட கெடக்கு, பழமும் கெடக்கு. காசு குடுத்து வாங்குனது இந்த எண்ணெயத்தான்" என்றார். அவ்வம்மையாரின் சொல் நம் மனத்தில் தைத்தது. அன்று அவர் நமக்குச் சொல்லிக் கொடுத்த முறையையும், பின்னர் நம் வீட்டு அடுப்பில் நாமே கண்டறிந்தவற்றையும் இங்கு எழுதுகின்றோம்.

விளைவிப்போர் வீட்டிலேயே விளைபொருள் கழிவாய்ப் போவது சிறிய விஷயமன்று. வெங்காயத்தின் விலை ஏறினால் ஊரே பேசுகிறது. இறங்கினால் பயிரிட்டவர் மட்டுமே பேசுகிறார். 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதித் தீர்வை நூற்றுக்கு 40 என்று விதித்து, அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் முழுத் தடை விதித்து, 2024 மே மாதத்தில்தான் அத்தடையை நீக்கியது. பெரிய வெங்காயத்தின் விலையை அடக்க விதித்த கட்டு சின்ன வெங்காயத்தையும் சேர்த்தே கட்டிவிட்டது. வடக்கே விளையும் வெங்காயம் வேறு, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நம்மவர் சமையலுக்காகப் போகும் நம் சின்ன வெங்காயம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்று தமிழ்நாட்டு விவசாயிகள் முறையிட்டு வருகின்றனர். அம்முறையீடு நியாயமானது என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும் அது தீரும் வரை மூட்டையில் கழித்த வெங்காயம் காத்திராது. இரட்டைப் பல், தோல் உரிந்தது, முளை காட்டியது ஆகியவை பட்டறையில் நில்லா; ஆனால் அன்றே நறுக்கிச் சமைத்தால் அவற்றிற்கு ஒரு குறையும் இல்லை. அழுகியதையும் பூஞ்சை கண்டதையும் மட்டும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

இனி பக்கோடாவுக்கு வருவோம். நம்மவர் இதில் இருவகை சொல்வர். மாவு மிகுந்து உருண்டையாய் உள்ளே மென்மையாக இருப்பது மெதுப் பக்கோடா; வெங்காயம் மிகுந்து உதிரி உதிரியாக மொறுமொறுவென்றிருப்பது தூள் பக்கோடா. நாம் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

நம் வீட்டில் முதல் நாள் செய்தது கெட்டது. வெங்காயம் நறுக்கி, மாவைப் போட்டு, பஜ்ஜிக்குக் கரைப்பதைப்போல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தோம். எண்ணெயில் இட்டதும் பொன்னிறமாக எழும்பி நம்மை மகிழ்வித்தது. தட்டுக்கு வந்து ஐந்து நிமிஷத்தில் துணிபோல் துவண்டுவிட்டது. குழந்தைகள் மரியாதைக்காக ஆளுக்கு ஒன்று தின்றனர். சுருளிப்பட்டி அம்மையார் "தண்ணி ஊத்தாதீக" என்று அழுத்திச் சொன்னதை நாம் கேட்டும் கேளாதிருந்ததன் பலன் அது.

காரணம் எளியது. வெங்காயத்தின் எடையில் நூற்றுக்கு 85 பங்கிற்கு மேல் நீரே. நறுக்கிய வெங்காயத்தில் உப்பிட்டுப் பிசைந்தால் அந்நீர் தானே வெளிவரும்; மாவு ஒட்டுவதற்கு அதுவே போதுமானது. மேலும் தண்ணீர் ஊற்றினால் அவ்வளவும் எண்ணெயில் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குள் மேற்புறம் சிவந்துவிடும்; நாமும் வெந்துவிட்டதென்று எடுத்துவிடுவோம். உள்ளே எஞ்சிய ஈரம் தட்டில் ஆறும்போது வெளியேறி மேலோட்டை நனைத்துவிடுகிறது.

ஆகவே முறை இது. கால் கிலோ வெங்காயத்தை நெடுக்கு வாட்டில் மெல்லிய கீற்றுகளாக அரிந்துகொள்க. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய உப்பிட்டு, இதழ் இதழாகப் பிரியும்படி விரல்களால் பிசறி, பத்து நிமிஷம் மூடி வைக்கவும். திறந்து பார்த்தால் அடியில் நீர் கோத்திருக்கும். அதில் பொடியாக அரிந்த இரண்டு பச்சை மிளகாய், ஒரு விரற்கடை இஞ்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, சிறிது சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒரு சிட்டிகைப் பெருங்காயம் சேர்க்கவும். பின் 100 கிராம் கடலை மாவும், அதில் மூன்றில் ஒரு பங்கு அரிசி மாவும் தூவி விரல் நுனிகளால் கலக்கவும். கையால் அழுத்திப் பிசையலாகாது. கீற்றுகளின்மேல் மாவு பூசினாற்போல் இருக்க வேண்டும். மாவுக்குள் வெங்காயம் புதைந்திருத்தல் ஆகாது. அரிசி மாவு மொறுமொறுப்புக்கு. அது மிகுந்தால் பல்லைப் பதம் பார்க்கும். ஈற்றில் காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் கலந்துகொண்டால் மேலோடு கரகரப்பாக அமையும். ஆப்பச் சோடாவைச் சிலர் சேர்ப்பர். நாம் சேர்ப்பதில்லை, சோடா பதார்த்தத்தைப் பொதபொதப்பாக்கி எண்ணெயை இழுக்கச் செய்கிறது.

சின்ன வெங்காயத்தில் செய்வோர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. பெரியதைவிட அதில் நீர் குறைவு. பத்து நிமிஷம் போதாது, கால் மணி நேரம் ஊறட்டும், அதன்பின்னும் வறண்டிருந்தால் கையை நனைத்து ஒரு முறை உதறினால் போதும். அதன் இனிப்பு காரணமாக விரைவில் சிவக்கும். தீயைச் சற்றுத் தணிக்க வேண்டும். உரிப்பது பெரிய வேலை என்பர். தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் தோல் எளிதில் கழலும். கண்ணீருக்கும் ஒரு வார்த்தை: வெங்காயத்தின் திசுக்கள் அறுபடும்போது உண்டாகும் ஓர் ஆவியே கண்ணைக் கரிக்கிறது. அதனை உண்டாக்கும் நொதியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2002 இல் கண்டறிந்தனர். நமக்கு வேண்டியது கூரான அரிவாள்மணை. மழுங்கிய மணை வெங்காயத்தை அறுப்பதற்குப் பதிலாக நசுக்குகிறது. நசுக்கினால் ஆவி மிகும்.

எண்ணெய்ச் செலவே இப்பலகாரத்தின் பெருஞ்செலவு. அடி குறுகிய இரும்புச் சட்டியில் அரை லிட்டர் கடலெண்ணெய் போதும். நம் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாயவிலைக் கடைகளில் கிடைக்கும் பாமாயிலிலும் செய்யலாம்; பொரிப்பதற்கு அது தாங்கும், ருசியில் கடலெண்ணெய்க்கு ஒரு படி கீழேதான். மாவுத் துளி ஒன்றைப் போட்டால் அடியில் தொட்டு உடனே மேலெழும்ப வேண்டும். அதுவே காய்ச்சல் பதம். அங்கேயே கிடந்தால் எண்ணெய் காயவில்லை. போட்டவுடன் கருகினால் மிகக் காய்ந்துவிட்டது. கலவையை விரல்களால் உதிர்த்துத் தூவுக. சட்டி நிறையப் போட்டு ஒரே ஈட்டில் முடித்துவிட எண்ணுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அவ்வாறு செய்தால் எண்ணெயின் சூடு இறங்கி, பக்கோடா பொரிவதற்குப் பதிலாக எண்ணெயைக் குடிக்கும்.

எப்போது எடுப்பது? நிறத்தைவிடக் காதை நம்புக. எண்ணெயில் எழும் சலசலப்பு வெங்காயத்து நீர் ஆவியாகும் ஓசையே. அது அடங்கினால் நீர் அடங்கிற்று என்று பொருள். அப்போது அரித்தெடுத்துச் சல்லடையிலோ கண்ணுள்ள தட்டிலோ பரப்ப வேண்டும். பாத்திரத்தில் குவித்து மூடினால் அதன் ஆவியே அதனைக் கெடுத்துவிடும். அமெரிக்க ஓட்டல்களில் முழு வெங்காயத்தைத் தாமரைபோல் அரிந்து, மாவில் தோய்த்து, அப்படியே பொரித்து, நடுவில் குழம்புபோன்ற சாஸ் வைத்துத் தருவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் முழு வெங்காயம் மூழ்க எத்தனை லிட்டர் எண்ணெய் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் அது நம் குடித்தனத்திற்கு ஒவ்வாது.

மீந்த எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் தீங்கான சேர்மங்கள் பெருகுகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்த கட்டுப்பாடு 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொட்டலக் கடையின் சட்டியில் உள்ளது இன்றைய எண்ணெயா, சென்ற வாரத்து எண்ணெயா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை, வீட்டில் அறியலாம். பொரித்த எண்ணெயை ஆறியபின் துணியில் வடிகட்டி, இரண்டு மூன்று நாட்களுக்குள் தாளிப்பதற்குச் செலவழித்துவிடுக. கறுத்தோ, நுரைத்தோ, பிசுபிசுத்தோ போனதை வைத்திருக்க வேண்டாம். சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்.

தொட்டுக்கொள்வதற்குத் தேங்காய்ச் சட்டினி நம் வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் தேங்காய்க்கும் குறைவில்லை. ஆனால் சாக்கின்மேல் கிடந்த அந்த உதிர் பழத்தை நாம் மறக்கவில்லை. பன்னீர்த் திராட்சையில் புளிப்பும் இனிப்பும் மணமும் ஒருங்கே இருப்பதால் தொக்குக்கு அது பிறந்ததுபோல் அமைகிறது.

அரை கிலோ உதிர் பழத்தை உப்பு நீரில் கால் மணி நேரம் போட்டுப் பலமுறை அலசுக. மருந்து அடித்த தோட்டமாயின் இன்னும் ஒருமுறை அலசினால் நஷ்டமில்லை. சிறிது தண்ணீருடன் எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ தோல் வெடிக்கும் வரை வேக விடவும். செம்பும், ஈயம் பூசாத பித்தளையும், அலுமினியமும் ஆகா. பழத்தின் புளிப்பு அவற்றை அரிக்கும். வெந்ததைச் சல்லடையில் மசித்து வடித்தால் கொட்டையும் தோலும் மேலே தங்கிவிடும். கொட்டையோடு அரைக்கலாகாது; கசந்துவிடும். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பொடியாக நறுக்கிய பத்துச் சின்ன வெங்காயத்தை வதக்கி, வடித்த சாற்றை ஊற்றி, 50 கிராம் வெல்லம், ஒரு தேக்கரண்டி மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த சீரகம், சிறிது சுக்குத் தூள், உப்பு சேர்த்துச் சிறு தீயில் சுண்ட வைக்கவும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடிழுத்தால் கோடு மூடாமல் நிற்பதே பதம். ஆறினால் இன்னும் இறுகும். ஆகவே சற்று முன்னதாகவே இறக்குக. பழம் நன்கு கனிந்து இனிப்பு மிஞ்சியிருந்தால் எலுமிச்சைச் சாறு சில துளிகள் பிழியலாம்.

ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் உள்ள நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. தறியில் இருந்தபடியே பக்கோடா தின்பது வேண்டாம். எண்ணெய் விரல் பாவில் பட்டால் அக்கறை சேலையோடு சங்கத்துக்குப் போகும். தரம் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. கூலியில் பிடித்தம் வரும். திராட்சைத் தொக்கின் கறை அதைவிடக் கொடியது. எழுந்து கைகால் கழுவி, திண்ணையில் அமர்ந்து உண்டுவிட்டு, சீயக்காய் கொண்டு கை தேய்த்தபின் தறிக்குத் திரும்புக.

தொக்கை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் நிரப்பி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். குளிர்பெட்டி உள்ள வீடுகளில் இன்னும் சில நாள் இருக்கும். ஈரக் கரண்டி படக்கூடாது. பக்கோடாவை மட்டும் அன்றன்றே செய்து அன்றன்றே தீர்த்துவிடுக.