ஆண்டைத் தாண்டும் கிரகணம்

சூரிய கிரகணத்துக்கு ஊருக்கு ஊர் நேரம் மாறும். சந்திர கிரகணத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. பூமியின் நிழல் நிலாவின் மேலேயே விழுவதால், அது தொடங்குவதும் விலகுவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான். அப்போது நம் வானில் நிலா இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். உலக நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் வந்துவிடும்.

2026 மார்ச் 3 கிரகணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு மறைவு இந்திய நேரப்படி மாலை 4.34 முதல் 5.33 வரை. சென்னையில் நிலா உதிப்பதோ ஆறு மணிக்கு மேல். ஆகவே நமக்கு எஞ்சுவது கிரகணத்தின் கடைசிப் பகுதிதான். ஆகஸ்ட் 28 கிரகணம் உச்சத்தைத் தொடும்போது இங்கே காலை 9.43, அமெரிக்கக் கண்டத்தில் இரவு. 2027-இல் வருபவை எல்லாம் பூமியின் மங்கலான வெளி நிழல் மட்டும் நிலாவில் படும் புறநிழல் கிரகணங்கள். வெறும் கண்ணுக்கு அவை அநேகமாகத் தெரியாது.

2028 நம்முடைய ஆண்டு. ஜூலை 6 இரவு பகுதி கிரகணம், 11.50 மணிக்கு நிலாவின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிழலுக்குள் இருக்கும். அதைவிடப் பெரிய விருந்து டிசம்பர் 31. இரவு 8.37-க்கு நிலாவின் ஓரம் கருக்கத் தொடங்கும். 9.46 முதல் 10.58 வரை முழு மறைவு. அடர்ந்த உள் நிழலான கருநிழல் கடைசியாக விலகும்போது மணி 12.06. அதாவது 2028-இல் பிடித்த கிரகணம் 2029-இல் விடும்!

முழு மறைவின்போது நிலா காணாமல் போவதில்லை, சிவந்துவிடும். பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலத்தில் புகும் சூரிய ஒளியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு வளைந்து நிழலுக்குள் போய் நிலாவைத் தொடுகிறது. காற்றில் தூசு மிகுந்தால் சிவப்பும் மங்கும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்ததற்கு மறு ஆண்டு டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலாவைக் கண்டுபிடிப்பதே கடினமாக இருந்தது. இந்த நிறத்தை அளக்க பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் ஒரு அளவுகோல் வகுத்தார். அநேகமாகத் தெரியாத இருட்டுக்கு 0, பளிச்சென்ற செம்பு நிறத்துக்கு 4. கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும். பள்ளிப் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று மதிப்பெண் போட்டு எழுதி வைக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

2028 டிசம்பர் 31-க்குத் திரும்புவோம். அன்று மார்கழிப் பௌர்ணமி. கிழக்கு வானில் நல்ல உயரத்தில் நிற்கும் நிலாவின் ஒளி அடங்கியதும், சுற்றிலும் மறைந்திருந்த விண்மீன்கள் வெளியே வரும். நிலாவுக்குத் தென்மேற்கே சிவப்பாகத் தெரியும் விண்மீன் திருவாதிரை. இரண்டு சிவப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேகம் மூடிவிட்டால்? 2029 ஜூன் 26-இல் 102 நிமிடம் நீளும் முழு கிரகணம் நமக்குப் பகலில் போய்விடுகிறது. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 21 அதிகாலை 3.45 முதல் 4.39 வரை மேற்கு வானில் இன்னொரு முழு கிரகணம் உண்டு.